கம்பளி ஸ்டோர்க்காரன்

மே 30, 1999

இந்த நோட்டு எதற்கு என்று கூடாரத்தில் என்னோடு இருக்கிற இருதயராஜ் கேட்டான். வீட்டில் சொல்கிற பொய்களை மறக்காமல் இருக்க என்றேன். சிரித்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கு மூன்று நிமிடம் போன் பேசலாம் என்று சுபேதார் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துப் பொய்யை மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும், அடுத்த வாரம் அதைத் தொட்டுக்கொண்டு மேலே போக வேண்டும். என் பெண்டாட்டி கிரிஜா லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போய்விட்டு வேலூரில் வேலை இருந்தது என்று சொன்னதை, மூன்று மாதம் கழித்து வேறு ஏதோ பேச்சின் நடுவில் பிடித்தாள்.

இன்று சொன்னது: சண்டை நடக்கிற இடம் எங்கேயோ, நான் இருக்கிற இடம் எங்கேயோ. என்னைக் கம்பளி ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். வருகிற கம்பளியை அடுக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் வேலை மாதிரி.

உண்மை: பீரங்கி. இதை எழுதி வைக்கத் தேவையில்லை, மறக்காது.

ஊரில் போன் இருப்பது லோகநாதன் கடையில். எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ், கூடவே ஒரு கலர் டீவி. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிஜா, அப்பா, ஐந்து வயது மகள் நர்மதா மூன்று பேரும் அங்கே வந்து காத்திருப்பது என்று ஏற்பாடு. அப்பா கடைசியில் போனைப் பிடுங்கினார். கத்தாதீர்கள், நன்றாகக் கேட்கிறது என்றேன்.

"அவ்ளோ தூரத்துல கீற. கத்தலன்னா எப்பிட்றா கேக்கும்?" என்று இன்னும் பலமாகக் கத்தினார்.

ஜூன் 6

போனில் சொன்னது: ஸ்டோருக்கு மேலாள் ஒரு சர்தார். பெயர் குர்நாம் சிங். கனத்த ஆள். கம்பளிக் கட்டுமேலேயே படுத்துக் குறட்டை விடுகிறார். கிரிஜா சிரித்தாள். ஆகவே குர்நாம் சிங் இனி நிரந்தரம். தேவைப்பட்டால் அவருக்கு ஒரு மகளைக் கொடுத்து அவளுக்குக் கல்யாணம்கூட வைக்கலாம்.

இட்லி போட்டார்கள் என்றும் சொல்லிவிட்டேன். அது அதிகம். இனி இட்லி வேண்டாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே ஒன்று வெடித்தது. இன்னாது அது என்றாள். ஜெனரேட்டர் என்றேன். "செரி" என்றாள். அந்த "செரி" எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா வாங்கிக்கொண்டு, "நீ கீற மலை பேரு இன்னாடா?" என்றார்.

"ஸ்டோருக்கு ஏதுப்பா மலை?"

"டீவில மலை மலையா காட்றான். எந்த மலைன்னு சொன்னா அத மட்டும் பாப்பேன் இல்ல?"

சொல்லவில்லை.

ஜூன் 10

இரண்டு காதும் அடைத்துவிட்டது. இருதயராஜ் பேசுவது வாயசைப்பாகத்தான் தெரிகிறது. அதிலும் ஒரு நிம்மதி, அவன் பாட ஆரம்பித்திருந்தான்.

ஜூன் 13

போன் இல்லை. கம்பி எங்கேயோ அறுந்துவிட்டதாம். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சுபேதாரைப் பார்த்தோம், அவர்தான் அறுத்த மாதிரி.

சாக்ஸ் துவைத்தேன். காய்வதற்குப் பதிலாக விறைத்துப் பலகையாக நிற்கிறது.

ஜூன் 20

இன்று கிடைத்தது. காதும் பாதி திறந்துவிட்டது.

சொன்னது: குர்நாம் சிங் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். எனக்குச் சளி, மற்றபடி ஒன்றுமில்லை. போன வாரம் போன் பண்ணாததற்குக் காரணம், ஸ்டோரில் தணிக்கை.

கிரிஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு கேள்வி இல்லை. மாப்பிள்ளை என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு நான் கேட்பதற்கு முன்னாலேயே அவளாகச் சொன்னாள்:

"மாமா கழனிக்குப் போயிகீறாரு. கெணத்துல மோட்டாரு ரிப்பேரு. மெக்கானிக்கு இன்னைக்குதான் வர்றேன்னான். அதான் வரல."

எனக்கு இதில் ஒரு விஷயம் தெரியும். பொய் சொல்கிறவர்கள்தான் கேட்காத காரணத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு காரணம் போதும் என்கிற இடத்தில் மூன்று வைப்பார்கள். எனக்கு இது தெரிவது எப்படி என்று இந்த நோட்டைப் படிக்கிறவர்களுக்குப் புரியும்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை போனை விட்டுவிட்டு மோட்டாரைப் பார்க்கிற ஆள் இல்லை. மோட்டார் கிணற்றுக்குள்ளேயே விழுந்தாலும் பேசிவிட்டுத்தான் போவார்.

ஜூன் 24

மழையும் பனியும் கலந்து விழுகிறது. நாள் முழுக்கச் சுடவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பைப் பிரித்துச் சுத்தம் பண்ணினேன். சும்மா இருந்தால் மண்டை வேலை செய்கிறது.

இருதயராஜிடம் சொன்னேன். அவன் சிவகங்கைப் பக்கம், இன்னும் கல்யாணமாகாதவன், ஆகையால் எல்லாம் தெரிந்தவன்.

"மோட்டாரு ரிப்பேருன்னா ரிப்பேருதான்யா. அதுல என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"அவ குரல் ஒரு மாதிரி இருந்தது."

"எப்புடி?"

"துடைச்சி வெச்ச மாதிரி."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டின்னைத் திறக்கப் போய்விட்டான்.

ஜூன் 27

இன்று எழுத நிறைய இருக்கிறது.

சொன்னது: குர்நாம் சிங் வீட்டுச் சம்பந்தம் முடிந்தது. ஸ்டோரில் எல்லோருக்கும் லட்டு.

கிரிஜா: நல்லது. அப்பா எங்கே என்று கேட்டேன். பெரிய அத்தை ஊருக்குப் போயிருக்கிறாராம், பத்து நாள் இருந்துவிட்டு வருவாராம்.

அப்பாவும் பெரிய அத்தையும் என் கல்யாணத்தில் பேச்சை விட்டவர்கள். முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று அத்தை எழுந்து போனாள், போனால் போகட்டும் என்று அப்பா சொன்னார், அதோடு முடிந்தது. ஆறு வருஷமாகப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் இப்போது பத்து நாள் தங்கப் போயிருக்கிறார். என்னிடம் சொல்கிறாள். நான் இதை நம்ப வேண்டும்.

நர்மதா போனை வாங்கினாள். "அப்பா, நேத்து பந்தல் போட்டாங்க. நெறைய பேரு வந்தாங்க. நான் வட தின்னேன், பாயசம் குடிச்சேன்."

"எதுக்குக் கண்ணு பந்தல்?"

போன் கை மாறியது. எதிர் வீட்டில் விசேஷம் என்றாள் கிரிஜா. என்ன விசேஷம் என்றேன். காது குத்து என்றாள். எதிர் வீட்டில் இருப்பது கிழவன் கிழவி இரண்டே பேர். யார் காதைக் குத்தினார்கள் என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பின்னால் யாரோ ஆண்குரல், "அண்ணி, அழாதீங்க" என்றது. அழாதீங்க என்றுதான் கேட்டது. லோகநாதன் குரல். அவள் ஏன் அழ வேண்டும்? அவள் அழுதால் இவன் யார் தேற்றுவதற்கு?

அப்பா வீட்டில் இல்லை. வீட்டில் இருப்பது ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாலும் ஒரே கணக்குதான் வருகிறது.

ஜூன் 30

புதன்கிழமை. அடிவார முகாமில் குண்டுப் பெட்டி ஏற்றப் போன இடத்தில் போன் சும்மா இருந்தது. அங்கிருந்த பையன் தெரிந்தவன், ஒரு நிமிடம் கொடுத்தான். சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டால்தான் உண்மை தெரியும் என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது.

லோகநாதன் எடுத்தான். என் குரலைக் கேட்டதும், "அண்ணா, அண்ணி இங்கதான் கீறாங்க, இதோ" என்றான்.

புதன்கிழமை. பட்டப்பகல். நான் கூப்பிடுகிற நாளும் இல்லை, நேரமும் இல்லை. அவளுக்கு அங்கே என்ன வேலை?

"இன்னாங்க, இன்னா ஆச்சி?" என்று பதறிக்கொண்டு வந்தாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். நீ ஏன் அங்கே என்றேன். சும்மா டீவி பார்க்க வந்தேன் என்றாள். டீவி. வீட்டில் மாவரைக்க நேரமில்லை என்கிறவள்.

வைக்கிறதற்கு முன்னால் லோகநாதன் மறுபடி வாங்கி, "நீங்க எதுக்கும் கவலப்படாதீங்கண்ணா. இங்க நான் பாத்துக்கறேன்" என்றான்.

பாத்துக்கறானாம்.

ஜூலை 1

காலையில் பக்கத்துப் பீரங்கி இருந்த இடத்தில் ஒரு ஷெல் விழுந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அங்கே இரண்டு பேர் நேற்று என்னிடம் பற்பசை வாங்கிப் போனார்கள். எழுதப் போவதில்லை என்றேன்.

லோகநாதனைப் பற்றி எழுதுகிறேன். முப்பது வயதாகியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன்? சட்டைப்பையில் சீப்பு. சம்பாதிப்பது ஜெராக்ஸ் எடுத்து, போடுவது கூலிங் கிளாஸ். போன தடவை லீவில் போனபோது நர்மதாவுக்கு மிட்டாய் கொடுத்துக் காசு வாங்க மாட்டேன் என்றான். நல்லவன் என்று நினைத்தேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. குளிர்.

ஜூலை 4

இன்று ஒரு பொறி வைத்தேன்.

எங்கள் குலதெய்வம் ஏரிக்கரையில் இருக்கிறது. கிரிஜா எதற்கெடுத்தாலும் அங்கே போய் நிற்பவள். எனக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்த்ததற்குக்கூடப் பொங்கல் வைத்தவள். நான் சொன்னேன், "ஆடி பொறந்ததும் எனக்காக ஒரு பொங்கல் வெச்சிடு. நான் வேண்டிகினு கீறேன்."

நான் சண்டைக்குப் பக்கத்தில்கூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவன் எதற்கு வேண்டிக்கொண்டேன் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். மூன்று நிமிடத்தில் அத்தனை நேரம் சும்மா இருப்பது காசை ஆற்றில் போடுகிற மாதிரி.

"இந்த வருசம் வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"இந்த வருசம் கோயிலுக்குப் போற மாதிரி இல்ல."

"எனக்காகக்கூட?"

"உங்களுக்காகத்தான் நான்..." என்று ஏதோ தொடங்கி நிறுத்திவிட்டாள். பிறகு அந்தத் துடைத்து வைத்த குரலில், "நீங்க ஒடம்ப பாத்துக்குங்க. ஸ்டோர வுட்டு வெளிய வராதீங்க" என்றாள்.

ஒரு பெண்டாட்டி, புருஷன் சண்டையில் இருக்கும்போது, அவனுக்காகக் கோயிலுக்குப் போக மாட்டேன் என்கிறாள். இதற்கு என்ன அர்த்தம் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சாமி முன்னால் போய் நிற்க முடியாதபடி ஒருத்தி என்ன பண்ணியிருப்பாள்? எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

ஜூலை 8

மூன்று நாளாக ஓய்வில்லை. குழாய் சூட்டில் கையுறை பொசுங்கிவிட்டது. இருதயராஜ் குண்டு எடுத்துக் கொடுக்க, நான் உள்ளே தள்ள, இன்னொருத்தன் கயிற்றை இழுக்க, காலையிலிருந்து இதேதான். ஒவ்வொரு தடவையும் லோகநாதன் முகத்தை நினைத்துக்கொண்டேன். இதை இருதயராஜிடம் சொன்னேன்.

"எதுத்தாப்புல இருக்கவன வுட்டுப்புட்டு எவனையோ ஜெராக்ஸ் கடைக்காரன நெனச்சுச் சுடுறியேய்யா" என்றான். "நெசமாவே உனக்குச் சந்தேகமா, இல்ல பயத்துக்கு ஒரு வேல கொடுத்துருக்கியா?"

எனக்கு என்ன பயம் என்று சண்டை பிடித்தேன். அரை நாள் இருவரும் பேசவில்லை. குண்டு மட்டும் கை மாறிக்கொண்டிருந்தது.

ஊரில் இன்னொரு போன் இருக்கிறது. பால் சொசைட்டியில். அங்கே செக்ரட்டரி என் பெரியப்பா மகன் சபாபதி. கிணற்றுத் தண்ணீர் விவகாரத்தில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர் வாயில் எங்கள் வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை வராது. அதனாலேயே மறைக்காமல் சொல்வார்.

ஜூலை 11

இருதயராஜ் தன் மூன்று நிமிடத்தை எனக்குக் கொடுத்தான். அவன் அம்மா அங்கே காத்திருப்பாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதில் முதலில் பால் சொசைட்டியைக் கூப்பிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"யாரு, முனிரத்தினமா? உனக்கு இப்பதான் போன் பண்ணத் தோணிச்சா?" என்றார் சபாபதி அண்ணன். "உன் பொண்டாட்டி பண்ண காரியத்துல நான் ஊர்ல தலகாட்ட முடியலடா."

என் காதில் மறுபடி அந்த அடைப்பு வந்தது. நினைத்தது சரிதான். சரியாகிவிட்டதே என்று ஒரு திருப்தி வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. "லோகநாதனா?" என்றேன்.

"லோகநாதனா? அவனும்தான் கூட நின்னான். அவன் தைரியம் சொல்லித்தானே அவ வந்தா. பொம்பளடா. பொம்பள சுடுகாட்டு வரைக்கும் வர்றதா? நான் பங்காளி குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். கொள்ளிச்சட்டிய எங்கையிலேர்ந்து வாங்கறா."

"எந்தச் சுடுகாடு?"

அந்தப் பக்கம் யாரோ பால் கேன் உருட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணா, எந்தச் சுடுகாடு? யாருக்குக் கொள்ளி?"

"முனி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "உனக்குத் தெரியாதா? உங்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாளேடா. சித்தப்பா போயிட்டாருடா. ஒரு மாசம் ஆவுது."

அவர் சொன்னதெல்லாம் எனக்கு முழுசாகக் காதில் ஏறவில்லை. ஏறியவரை இதுதான். அப்பா தினம் லோகநாதன் கடைக்குப் போய் டீவியில் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். லோகநாதன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி போகும் முன்னாலேயே முடிந்துவிட்டது. எனக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கிரிஜா தடுத்துவிட்டாள். மகன் இல்லாத இடத்தில் பங்காளி கொள்ளி வைப்பதுதான் வழக்கம். சபாபதி அண்ணன் பகையை ஒதுக்கிவிட்டு வேட்டி கட்டி வந்து நின்றிருக்கிறார்.

"அவ இன்னா சொன்னா தெரியுமா? அவரு உயிரோட கீறாரு. அவரு எடத்துல இன்னொரு ஆம்பள நின்னா அவரு இல்லன்னு ஆயிடும். அந்த எடத்த யாருக்கும் தர மாட்டேன், அவரு வர்ற வரைக்கும் நான் நிக்கறேன்னா. பெரியவங்க நாலு பேரு எழுந்து போயிட்டாங்க."

"நீங்க?"

"நான் எங்கடா போறது? எங்க சித்தப்பா இல்ல?" என்றார். "அவ கை நடுங்கல. அத நான் பாத்தேன்."

என் முறை வந்தபோது என்னால் பேச முடியவில்லை. கிரிஜா அங்கே காத்துக்கொண்டிருப்பாள். என் பேச்சை நீ பேசு என்று இருதயராஜிடம் கெஞ்சினேன். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல், ஸ்டோரில் இருக்கிறான் என்று சொல் என்றேன். பேசிவிட்டு வந்தான்.

"நீ சொன்னதத்தான் சொன்னேன். தங்கச்சி அது எதையும் காதுல வாங்கலய்யா. 'அண்ணா, அவரு உசுரோட கீறாரா, அத மட்டும் சொல்லுங்க'ன்னுச்சு. எங்க ஆத்தா மேல சத்தியம் பண்ணிட்டு வந்துருக்கேன்."

ஜூலை 12

அழுதேன். கம்பளியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா, நான் மலை பெயரைச் சொல்லியிருந்தால் நீங்கள் எல்லா மலையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டாம்.

பொங்கல் வேண்டாம் என்றபோதே தெரிந்திருக்க வேண்டும். இழவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் கோயிலுக்குப் போக மாட்டார்கள், பொங்கல் வைக்க மாட்டார்கள். பந்தல், வடை, பாயசம் என்றால் கருமாதி. எங்கள் பக்கம் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நர்மதா கிட்டத்தட்டச் சொல்லிவிட்டாள். பெற்ற மகன் எனக்கு மட்டும் வேறு அர்த்தம் தெரிந்தது. அப்பா இறந்த பதினாறாம் நாள் சோற்றைத் தின்றதாக என் மகள் சொல்கிறாள், நான் லோகநாதன் சட்டைப்பையில் சீப்பு இருப்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். அவன் கடையில் என் பெண்டாட்டி தினமும் போய் உட்கார்ந்தது, செய்தியில் என் பெயர் வருகிறதா என்று பார்க்க. சந்தேகப்பட்டேன். அவளைச் சந்தேகப்பட்டேன். இதை அடிக்காமல் அப்படியே விட்டு வைக்கிறேன்.

மத்தியானம் சுடாத நேரத்தில் இருதயராஜைக் கூப்பிட்டு ரேசரைக் கொடுத்தேன். ஐஸை உருக்கிச் சூடு பண்ணினான். தலை, பிறகு முகம், பிறகு மீசை. மீசையில் கை வைக்கும்போது மட்டும் நிறுத்தி, "இதுவுமா?" என்றான். இதுவும்தான் என்றேன். வடக்கு எது, தெற்கு எது என்று கேட்டுத் தெற்கே பார்த்து உட்கார்ந்தேன். அவனுக்கு எங்கள் முறை தெரியாது, எனக்கும் பாதிதான் தெரியும். வழித்து முடித்ததும் அவனாகவே தலையில் மீதித் தண்ணீரை ஊற்றினான். எலும்பு வரை போனது.

சாயங்காலம் சுபேதார் பார்த்துவிட்டு என்ன வேஷம் என்றார். பேன் என்றேன். நம்பிவிட்டார்.

ஜூலை 15

சுட்டோம். வேறொன்றுமில்லை.

கிரிஜாவிடம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு பண்ணியிருக்கிறேன். நான் இங்கே கலங்கக் கூடாது என்றுதானே இத்தனையும் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். நான் உடைந்தேன் என்று தெரிந்தால் அந்தப் பாடெல்லாம் வீண் என்று நினைப்பாள். நான் வீடு போகிற வரைக்கும் அவள் என்ன சொன்னாலும் நம்பப் போகிறேன். அப்பாவை எந்த ஊருக்கு அனுப்பினாலும் சரி.

ஜூலை 18

நாளை பீரங்கியை இன்னும் மேலே கொண்டுபோகிறோம். இனி எப்போது போன் என்று சுபேதாருக்கே தெரியாது.

கிரிஜா எடுத்ததும் தொண்டை எப்படி இருக்கிறது என்றாள். சரியாகிவிட்டது என்றேன். அப்பா எப்படி என்று நானே கேட்டேன். கேட்காமல் விட்டால் சந்தேகம் வரும்.

"நல்லாகீறாரு. அத்த ஊர்லதான். அவங்க வுட மாட்டேன்றாங்களாம்."

"இருக்கட்டும். அக்கா தம்பி பேசிக்கறது நல்லதுதான."

"ஆமா" என்றாள். கொஞ்சம் மூச்சு விட்டாள். பிறகு இலேசாகப் பேச ஆரம்பித்தாள். நர்மதாவுக்குப் பல் ஆடுகிறது. மோட்டார் சரியாகிவிட்டது, சபாபதி மாமாவே ஆள் அனுப்பினார். எனக்கு முடி காடு மாதிரி வளர்ந்திருக்குமே, வெட்டிக்கொண்டேனா?

சுபேதாரிடம் சொன்ன பொய் கைவசம் இருந்தது. யோசிக்காமல் அதையே எடுத்து நீட்டினேன்.

"மொட்ட அடிச்சிட்டேன். ஒரே பேன். கம்பளியிலேர்ந்து தொத்திகிச்சி."

"மீச?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இத்தனை வாரம் குர்நாம் சிங்குக்குக் குடும்பமே உண்டாக்கியவன், அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"மீசையும்தான்" என்றேன்.

அவள் அழுதது எனக்கு முதலில் புரியவில்லை. லைனில் ஏதோ இரைச்சல் என்று நினைத்தேன். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது. மூன்று நிமிடத்தில் பாதி அதிலேயே போனது. நான் தடுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவனும் அவசரப்படுத்தவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றாள். "நெருப்பு வெச்சிட்டேன். உங்ககிட்ட கேக்காம வெச்சிட்டேன்."

"நான் வெச்ச மாதிரிதான்."

"ஊர்ல எல்லாம்..."

"ஊர வுடு. நான் வந்து பேசிக்கறேன். எங்கப்பாவுக்கு நீதான் வெச்ச, வேற யாரும் வெக்கல. எனக்கு அது போதும்." அவள்மேல் சந்தேகப்பட்டதையும் சொல்லிவிட வாய் திறந்தேன். அதைச் சொன்னால் என் நெஞ்சு இலேசாகும், அவளுக்குத் தூக்க இன்னொன்று கூடும். மூடிக்கொண்டேன். "லோகநாதன்கிட்ட நான் நன்றி சொன்னேன்னு சொல்லு" என்றேன்.

சுபேதார் விரலைக் காட்டினார். அரை நிமிடம்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலை நேராக்கிக்கொண்டு கேட்டாள்: "நான் மறச்சத கண்டுபுடிச்சிட்டீங்க இல்ல. இப்ப நீங்க சொல்லுங்க. நெசமா சொல்லுங்க. எங்க கீறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பீரங்கியே மேலே முழங்கியது. ஒன்று, அடுத்து இன்னொன்று. கூடாரத் துணி உள்ளே வந்து வெளியே போனது. போன் வழியாக அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஸ்டோர்லதான்" என்றேன். "லாரியிலேர்ந்து அரிசி மூட்ட எறக்கறாங்க."

மூன்றாவது வெடித்து, அதன் எதிரொலி மலை மலையாகப் போய் அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்து எறக்கச் சொல்லுங்க" என்றாள். "நீங்களும் தள்ளி நில்லுங்க. கால்மேல கீல போட்டுக்கப் போறீங்க."